எந்த அரசு

தேர்தல் முடிந்து இருநூற்றுப் பதினோராம் நாள்.
அரசு இன்னும் அமையவில்லை.
ரயில் பதினேழு நிமிடம் தாமதம்.
அரசு இருந்தபோதும் அப்படித்தான் வந்தது.

பிரஸ்ஸல்ஸில் ஆறாவது மாடி.
எதிர் மேசையில் கிஸ்லேன்.
சிறைச்சாலைகளின் கூரை, குழாய், கொதிகலன்
எங்கள் இருவர் தலையில்.
அவள் பிரெஞ்சு, நான் டச்சு.
ஜன்னலைத் திறப்பதா மூடுவதா என்பதில்
நான்கு ஆண்டுகளாக உடன்பாடு இல்லை.
கோப்புகள் மட்டும் நகர்கின்றன.

இங்கே வாக்களிப்பது கட்டாயம். போட்டோம். எண்ணினார்கள்.
யாருக்கும் பாதி இல்லை,
பாதிக்குப் பக்கத்திலும் இல்லை.
வழி தேட மன்னர் ஒருவரை அனுப்பினார்.
அவர் தேடிக் களைத்தார்.
அவர் எதைத் தேடினார் என்று தெளிவுபடுத்த
இன்னொருவரை அனுப்பினார்.

பழைய அமைச்சர் காலையில் வருகிறார்,
கோட்டைக் கழற்றி மாட்டுகிறார்.
ராஜினாமா கொடுத்தாயிற்று; மன்னரும் வாங்கிக்கொண்டார்.
நாற்காலி ஆறிப்போகாமல்
பார்த்துக்கொள்வதுதான் மிச்ச வேலை.
காபந்து அரசு.
ஒப்புக்குச் சப்பாணி என்றால் கோபித்துக்கொள்வார்,
நேற்றுகூட மூன்று கையெழுத்துப் போட்டார்.

சுற்றறிக்கை இரண்டு மொழியிலும் ஒன்றுபோலக் குழப்புகிறது:
ஓடுவது ஓடலாம்.
ஓடாததைத் தொடங்கக் கூடாது.
பணம், போன ஆண்டுக் கணக்கில்
பன்னிரண்டில் ஒரு பங்கு,
மாதா மாதம்,
பாலாடையில் அளந்த பால்போல.

மியூஸ் நதிக்கரைச் சிறையில்
ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்துநான்கில் வைத்த கொதிகலன்
டிசம்பர் நடுவில் இருமத் தொடங்கியது.
நூற்று முப்பது பேருக்கு வெந்நீர்.
புதிது வாங்க அமைச்சர் வேண்டும்,
முழு அமைச்சர்.
பழுது பார்க்க நாங்கள் போதும்.

அஷீலை அனுப்பினோம்.
முதலில் வால்வு. ரசீது வந்தது: பழுது.
ஜனவரியில் எரிமுனை. பழுது.
பிறகு உள்சுருள், பிறகு பம்பு,
ஈஸ்டருக்கு முந்தைய வாரம் வெளித்தகடு முழுவதும்.
பழுது, பழுது, பழுது.

அந்த நாட்களில்தான் என் மகள் லோத்தேவுக்குப் பள்ளியில்
மூன்று பெட்டி வரையச் சொன்னார்கள்:
சட்டம் இயற்றுவோர், நிறைவேற்றுவோர், தீர்ப்பளிப்போர்.
நடுப்பெட்டியில் கேள்விக்குறி போட்டுவிட்டு வந்தாள்.
ஆசிரியர் அரை மதிப்பெண் கொடுத்திருந்தார்.
அரை எதற்கு என்று நான் கேட்கவில்லை.

மே மாதம் கிஸ்லேன் ரசீதுகளை அடுக்கி,
பென்சிலால் தட்டித் தட்டி எண்ணினாள்.
"யோரிஸ், இதில் பழையது எது?"
பெயர்த்தகடு மட்டும்.
எண், ஆண்டு, செய்த ஊர்,
நான்கு திருகாணி.
நாங்கள் வாங்காத புதுக் கொதிகலன் ஒன்று
ஆற்றங்கரையில் கொதித்துக்கொண்டிருந்தது.

நானூற்றுப் பதினெட்டாம் நாள் இரவு,
விடிய விடியப் பேசி, ரொட்டி தீர்ந்து,
ஆறு கட்சிகள் ஒரு தாளில் கையெழுத்திட்டன.
காலையில் புது அமைச்சர்.
புதுக் கோட்டு, அதே ஆணி.
முதல் வாரமே எங்கள் பழைய கோப்பு இறங்கி வந்தது:
கொதிகலன் புதிது வாங்க ஒப்புதல்.
பழுதுச் செலவுக்கு இனி அனுமதி இல்லை.

மூவரும் போய் நின்றோம் அதன் முன்னால்.
சுவர் வெதுவெதுப்பாக இருந்தது.
மேலே யாரோ குளித்துக்கொண்டே சீட்டி அடித்தார்.
அஷீல் திருகாணிகளைக் கழற்றி,
தகட்டை முழங்கையால் துடைத்தார்.
"இதை மட்டும் நான் வைத்துக்கொள்ளட்டுமா?"

"முடியாது. அரசுச் சொத்து," என்றாள் கிஸ்லேன்.

"எந்த அரசு?"

அவள் என்னைப் பார்த்தாள். நான் குழாயைப் பார்த்தேன்.
அஷீல் சற்று நேரம் காத்திருந்துவிட்டு
தகட்டை மறுபடி அதே இடத்தில் வைத்து முடுக்கினார்.
மூன்று திருகாணிதான் இருந்தது.
நான்காவதை
வெகுநேரம் தரையில் தேடினோம்.